கிருஷ்ணகிரியில் ஓர் ஆவிக்குரிய யுத்தப் பயிற்சி முகாம்: வசனத்தை வைத்து ஒரு மதிப்புரை

கடந்த மே மாதம், மாங்காய் ஏற்றிய வண்டிகள் மண்டிகளுக்கு வெளியே வரிசைகட்டி நின்ற நாட்களில், கிருஷ்ணகிரியில் ஒரு திருமண மண்டபத்தில், பிசாசை எதிர்த்து நிற்பதைக் கற்பிப்பதற்காக நடந்த மூன்று நாள் ‘ஆவிக்குரிய யுத்தப் பயிற்சி முகாமில்’ நானும் என் மைத்துனரும் கலந்துகொண்டோம். கட்டணம் ஆளுக்கு ரூ.700, 112 பக்கக் கையேடு, மதியச் சாப்பாடு, இரண்டு வேளைத் தேநீர் எல்லாம் அதில் அடக்கம். நடத்திய ஊழியத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏறக்குறைய இதே பாடம் வெவ்வேறு பெயர்களில் பல ஊர்களில் நடத்தப்படுகிறது. நான் மதிப்பிட விரும்புவதும் அந்தப் பாடத்தைத்தான். எங்கள் சபையில் ஞாயிறு மாலை வேதபாட வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில், அங்கே கேட்பவற்றை என் வகுப்புக்குக் கொண்டுபோகலாமா என்று பார்க்கவே சென்றேன். பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் தேடிச் சரிபார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்று அழைக்கிறது. ஆகவே பென்சிலும் பழைய வேதாகமமுமாக உட்கார்ந்து குறிப்பெடுத்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஏற்பாடுகளில் பெரிய குறையில்லை. ஒலிபெருக்கியின் சத்தம் மட்டும் மண்டபத்துக்கு மிஞ்சியதாக இருந்தது. பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தெலுங்கு பேசும் மூதாட்டிகள் சிலருக்குப் பேச்சாளரின் வேகமான தமிழ் எட்டவில்லை, எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. சாம்பார் நன்றாக இருந்தது.

முதல் நாள் முழுவதும் எபேசியர் 6-ஆம் அதிகாரம். இந்த ஒரு நாளுக்காக மட்டும் ரூ.700 கொடுத்திருந்தாலும் நான் வருந்தியிருக்க மாட்டேன். சத்தியம் என்னும் கச்சை தொடங்கித் தேவவசனமாகிய பட்டயம் வரையுள்ள சர்வாயுதவர்க்கத்தை ரோமப் போர்வீரனின் படத்தைக் காட்டி விளக்குவதோடு பெரும்பாலான பிரசங்கிகள் நிறுத்திவிடுவார்கள். அன்று பேசியவரோ ஏசாயா 59:17-க்குப் போனார். நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அங்கே அணிந்துகொள்கிறவர் கர்த்தர்தாம் என்பதையும், ஆகவே விசுவாசி அணிவது தன் சொந்தப் பலத்தை அல்ல என்பதையும் பொறுமையாகக் காட்டினார். பதினொன்று முதல் பதினான்கு வரையுள்ள வசனங்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டளை ‘நிற்பது’ என்பதைச் சுட்டிக்காட்டி, பிசாசைத் தேடிக்கொண்டு போகும்படி அந்தப் பகுதியில் எங்கும் சொல்லப்படவில்லை என்றும் அவரே சொன்னார். அதைவிட எனக்குப் பிடித்தது, அதே நிருபத்தின் 4:26, 27 வசனங்களை அவர் இதோடு சேர்த்து வாசித்தது. சூரியன் அஸ்தமிப்பதற்குள் எரிச்சல் தணியட்டும், பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்று பவுல் ஒரே மூச்சில் சொல்லும்போது, பிசாசு நுழையும் வாசல் நம் வீட்டுச் சண்டைதான் என்று தெளிவாகிவிடுகிறது. காவேரிப்பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், கிணற்றுப் பங்குத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பிக்குத் தேநீர் இடைவேளையில் போன் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள் வந்தவர் வேறு பேச்சாளர். பாடமும் வேறு திசையில் போனது. ஒவ்வொரு ஊரையும் ஒரு ‘வட்டார ஆவி’ ஆளுகிறது, அதன் பெயரைக் கண்டுபிடித்துக் கட்டினால்தான் அந்த ஊரில் சுவிசேஷம் செல்லும் என்பது அவருடைய சுருக்கம். ஆதாரமாகக் காட்டப்பட்டது தானியேல் 10. பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி இருபத்தொரு நாள் தூதனை எதிர்த்து நின்றது உண்மையாகவே அங்கே எழுதியிருக்கிறது, ராஜ்யங்களுக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத வல்லமைகள் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் தானியேல் செய்தது என்ன? துக்கித்து, ருசிகரமான அப்பத்தை விலக்கி, தேவனை நோக்கித் தன்னைத் தாழ்த்தினான். பெர்சிய அதிபதியோடு அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அப்படி ஒரு போராட்டம் நடந்ததே அந்த மூன்று வாரம் கழிந்த பிறகு தூதன் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

‘கட்டுதல்’ என்ற சொல்லுக்கு மத்தேயு 18:18 காட்டப்பட்டது. அதற்கு முந்திய மூன்று வசனங்களை வாசித்தால், குற்றம் செய்த சகோதரனைத் தனியாகவும், பிறகு சாட்சிகளோடும், கடைசியில் சபையாகவும் கண்டிப்பது எப்படி என்பதே அங்கே பேச்சு. கட்டுவதும் கட்டவிழ்ப்பதும் யூதப் போதகர்கள் விலக்குவதற்கும் அனுமதிப்பதற்கும் வழங்கிய சொற்கள். பலவானை முந்திக் கட்டுவதைப் பற்றிய மத்தேயு 12:29 இதைவிட நெருக்கமான வசனம்தான், ஆனால் அங்கே கட்டுகிறவர் இயேசு, அந்தக் கிரியை நம் கையில் புதிதாக ஒப்படைக்கப்பட்டதாக அந்தப் பகுதி சொல்வதில்லை. இடைவேளையில் நான் பேச்சாளரிடம் சென்று, “ஐயா, பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசோடு தர்க்கிக்கும்போது ‘கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக’ என்றுதானே சொன்னான், யூதா 9-ஐ எப்படிப் புரிந்துகொள்வது?” என்று கேட்டேன். “அது பழைய ஏற்பாட்டுக் காலம் பிரதர், நமக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது” என்றார். யூதா அந்தச் சம்பவத்தை எழுதியதே, மகத்துவமுள்ளவர்களைத் தூஷிக்கத் துணிந்த தன் காலத்துச் சபையாரைக் கண்டிப்பதற்காகத்தான் என்பதை நான் சொல்வதற்குள் அவரைப் புகைப்படத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

இந்தப் போதனை ஆதிச்சபையிலிருந்து வந்தது என்பதுபோல் கையேடு எழுதியிருக்கிறது. ஆனால் இன்று நம் ஊர்களில் கேட்கும் வடிவம் 1990-களில், அமெரிக்காவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சி. பீட்டர் வாக்னரும் அவரைச் சேர்ந்தவர்களும் பரப்பியது. அந்தப் பத்தாண்டிலேயே அதற்கு எச்சரிக்கையும் எழுந்தது. 1993-ல் லண்டனில் கூடிய, உலகளாவிய சுவிசேஷ இயக்கமாகிய லொசேன் இயக்கத்தின் குழு, ஆவிக்குரிய யுத்தம் உண்மை என்று ஏற்றுக்கொண்டதோடு, எதற்கெடுத்தாலும் பிசாசையே பார்த்துக்கொண்டிருப்பது நம் செயல்களுக்கு நாமே பொறுப்பேற்பதைத் தட்டிக்கழிக்க வழிசெய்யும் என்று தன் அறிக்கையில் சொன்னது. இதில் ஒரு வரியாவது கையேட்டில் இருந்திருக்கலாம்.

அன்று மாலை எங்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஆளுக்கொரு நகர வரைபடம் கொடுத்து, ‘அரண்கள்’ இருக்கும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறித்துச் சுற்றிவரச் சொன்னார்கள். நான் போகவில்லை. 2 கொரிந்தியர் 10:4-ல் வரும் அரண்கள் எவை என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: தர்க்கங்களும், தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்புகிற மேட்டிமையும். அவை மனிதர் மனத்தில் இருப்பவை, வரைபடத்தில் குறிக்கக்கூடிய கட்டடங்கள் அல்ல. விக்கிரகங்கள் நிறைந்த அத்தேனேயில் பவுலின் ஆவி வைராக்கியமடைந்தது. அவன் செய்ததோ ஜெப ஆலயத்திலும் சந்தைவெளியிலும் கண்டவர்களோடு பேசியது. எபேசுவில் கலகம் எழுந்தபோது, இவர்கள் கோவில் கொள்ளைக்காரரும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று பவுலின் தோழர்களுக்காக அந்நகரத்துச் சம்பிரதியே (நகர அதிகாரியே) சாட்சி சொல்லக்கூடியவனாக இருந்தான். அக்கம்பக்கத்து வீட்டார் கும்பிடும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, நாளைக்கு அதே தெருவில் அவர்கள் முகத்தைப் பார்த்து நாம் என்ன பேசுவது?

மூன்றாம் நாள் உபவாசம் என்று காலையில் அறிவித்தார்கள்; மாற்கு 9:29 வாசிக்கப்பட்டது. சாப்பாட்டுக்குச் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கினார்கள் என்பதை என் மைத்துனர் மறக்கவில்லை. அந்த வசனத்தில் உபவாசம் என்ற சொல் மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதை நான் அவரிடம் சொன்னது நல்ல நேரமல்ல.

அன்றைய பாடம் பரம்பரைச் சாபம். எட்டுப் பக்கப் படிவம் ஒன்றில் நான்கு தலைமுறையின் பாவங்கள், நோய்கள், துர்மரணங்கள் எல்லாவற்றையும் நிரப்பி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி முறிக்க வேண்டும். அதற்கு ஆதாரம் யாத்திராகமம் 20:5. அந்த வசனம் தேவனைப் பகைக்கிறவர்களைப் பற்றியது என்பதும், அதன் தொடர்ச்சியாகிய ஆறாம் வசனம் அவரில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை வரை இரக்கத்தை வாக்களிக்கிறது என்பதும் சொல்லப்படவில்லை. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களை நிறுத்துவதற்கென்றே எசேக்கியேல் 18 எழுதப்பட்டது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அதன் இருபதாம் வசனம் தீர்த்துச் சொல்கிறது. கலாத்தியர் 3:13-ஐயோ கையேட்டில் எங்கும் காணவில்லை. கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்பதை விட்டுவிட்டுச் சாபத்தைப் பற்றி இருபது பக்கம் எழுத முடிந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

இதுவரை சொன்னவை கருத்து வேறுபாடுகள்; அடுத்தது அப்படியல்ல. பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் எழுந்து, தன் மகனுக்கு வலிப்பு நோய்க்கு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பதாகவும், சாபம் முறிந்தபின் அதை நிறுத்தலாமா என்றும் கேட்டார். “அது உங்கள் விசுவாசத்தைப் பொறுத்தது சிஸ்டர்” என்பதே மேடையிலிருந்து வந்த பதில். மத்தேயு 4:24 பிசாசுபிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு நோயாளிகளையும்) தனித்தனியே எண்ணுகிறது. அதே சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு சந்திரரோகியிடமிருந்து பிசாசு துரத்தப்பட்டது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் எல்லா வலிப்பும் ஆவியால் வருவதென்றால் முதல் பட்டியலில் இரண்டு சொல் தேவைப்பட்டிருக்காது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சாபம் முறிக்கவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னான். அவனுடைய பயணத்தில் லூக்கா என்னும் வைத்தியன் கூட இருந்தான். மண்டப வாசலில் அந்த அம்மாவை நிறுத்தி, மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையையும் விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள் என்று என் மனைவியை போனில் பேச வைத்தேன். வாசலிலேயே ஜெபித்த எண்ணெய் பாட்டில் ரூ.150-க்கு விற்றுக்கொண்டிருந்தது. யாக்கோபு 5:14 சொல்லும் எண்ணெய், சபையின் மூப்பர்கள் நோயாளியின் வீட்டுக்கு வந்து பூசுவது. அதற்கு விலைச்சீட்டு கிடையாது.

முதல் நாள் பேச்சாளர் தனியாக நடத்தினால் யாரும் தயங்காமல் போகலாம். மற்ற இரண்டு நாட்களுக்கு நான் ஒருவரையும் அனுப்ப மாட்டேன். கையேட்டின் முதல் மூன்று பாடங்களை மட்டும் ரவுண்டானா அருகில் ஜெராக்ஸ் எடுத்து, என் வகுப்பில் எபேசியர் 6-ஐத் தொடங்கியிருக்கிறேன். படிவத்தில் தாத்தா பெயருக்கான கட்டத்தைப் பார்த்து, “மாமா, இதில் என்ன எழுதுவது?” என்று மைத்துனர் கேட்டார். கலாத்தியர் 3:13 என்று எழுதச் சொன்னேன். எட்டுப் பக்கத்திலும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு மணி பேருந்தைப் பிடித்தோம்.