மரபுரிமை வீட்டுக்கு வரிக் கழிவு: என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று

ஒன்ராறியோவில் பழைய செங்கல் வீடு வாங்க யோசிப்பவர்கள் இதை வாசியுங்கள். எங்கள் வீடு மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. முன்பக்க யன்னலிலோ வராந்தாவிலோ கைவைப்பதென்றால் நகரசபை அனுமதி வேண்டும். வினைல் யன்னல் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். மரத்தில் செய்கிறவர் சொன்ன விலையைக் கேட்டு மனிசி கதிரையில் இருந்துவிட்டா. இந்தத் தொல்லைக்கு ஈடாகத்தான் சொத்து வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள்.

மாகாணச் சட்டப்படி 10 முதல் 40 வீதம் வரை கொடுக்கலாம். 'கொடுக்கலாம்', அவ்வளவுதான். திட்டம் வேண்டுமா, எத்தனை வீதம் என்பதெல்லாம் அந்தந்த நகரசபையின் விருப்பம். டொரொண்டோவில் வணிக, தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு மட்டும்தான், வீடுகளுக்கு இல்லை. ஆகவே வாங்கமுன் நகரசபையிடமே கேளுங்கள், வீடு விற்றுத் தருகிறவரிடம் அல்ல.

எங்கள் ஊரில் 20 வீதம். அதுவும் முழு வரிக்கும் இல்லை, மரபுரிமைப் பகுதிக்குரிய வரிக்கு மட்டும். பின்னால் புதிதாகக் கட்டிய அறைகளைக் கழித்துவிடுவார்கள். வரி 6,000 டொலர், அதில் பழைய பகுதிக்கு 5,000 என்றால் கைக்கு வருவது ஆயிரம். ஒரு நல்ல மர யன்னலுக்கே காணாது.

படிவம் சுலபம், கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாக விளக்கினா. பணம்தான் ஆடி அசைந்து வந்தது.

எனக்குப் பிடிக்காதது ஒப்பந்தம். கழிவு வேண்டுமென்றால் வீட்டைப் பேணுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுடையது காணிப் பதிவிலேயே ஏறியிருக்கிறது, நாளைக்கு வாங்குகிறவரையும் அது கட்டும். மீறினால் கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு கட்டுப்பாட்டுக்கு ஈடு கேட்டுப் போனால் இன்னொன்றில் கையெழுத்து வாங்குகிறார்கள்!

கணக்கும் சரியில்லை. வரியில் வீதம் பார்த்துக் கொடுத்தால் பெறுமதி கூடிய வீட்டுக்காரருக்குத்தான் கூடப் போகும், கூரை ஒழுகுகிறவருக்கு இல்லை. டொரொண்டோவில் திருத்த வேலைச் செலவில் பாதியை, வரியின் 40 வீதத்துக்கு மேற்படாமல் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம்.

ஏற்கெனவே இப்படியான வீட்டில் இருந்தால் விண்ணப்பியுங்கள், வருகிற காசை ஏன் விடுவான்? ஒப்பந்தத்தை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு, எந்த வருடத்து வரிக்குக் கேட்கிறார்களோ அதற்கு அடுத்த வருடம் பெப்ரவரி கடைசி நாள் வரை தவணை உண்டு.