பழைய குழாய்க்குப் புதிய ஹீட்டர்: மூன்றரை ஆண்டு அனுபவம்

குளச்சலில் கடலோரத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் 18 ஆண்டுகள் உழைத்த 25 லிட்டர் ஹீட்டர், ஓர் ஐப்பசி மழையின்போது ஒழுகத் தொடங்கியது. சுவரை அளந்து பார்க்காமலே 15 லிட்டர், 2000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தது என் பிழை. டைலில் தெரிந்த இரு குழாய் வாய்களுக்கு இடையே 8 அங்குலம் இருந்தது. புதியதன் அடியிலோ 4 அங்குலம்தான்.

சுவரை உடைக்கலாமா என்று கேட்டதற்கு, "டைல ஒடச்சா இந்த டிசைன் இனி கெடைக்காது சார்" என்றார் பிளம்பர். ஆகவே வளையும் ஹோஸ்களால் இணைத்தோம். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நேராக இறங்குவதால், அந்தக் கோட்டைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு, அதை விலக்கியே கொக்கிகளுக்குத் துளையிட்டோம்.

திறந்தால் ஷவரில் ஒரு சொட்டும் வரவில்லை. காரணம் புரிய அரை மணி நேரமானது. வீடு கட்டியபோது பச்சைத் தண்ணீர் இடப்புறமும் வெந்நீர் வலப்புறமும் வருமாறு குழாய் பதித்திருந்தனர். புதிய ஹீட்டரிலோ பச்சைத் தண்ணீர் நுழையும் நீல வாய் வலப்புறம், வெந்நீர் வெளிவரும் சிவப்பு வாய் இடப்புறம். நீல வாயிலுள்ள பாதுகாப்பு வால்வு நீரை உள்ளே மட்டுமே விடும் என்பதால், மாற்றி இணைத்ததும் வழி அடைபட்டுவிட்டது. பழைய ஹீட்டரின் செம்புக் குழாய்கள் குறுக்காக வளைந்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஏனென்று ஒருவரும் யோசிக்காமல் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். பிறகு 18 அங்குல ஹோஸ் ஒன்றையும் 24 அங்குல ஹோஸ் ஒன்றையும், மடிப்பு விழாதபடி தளர்வாக வளைத்துக் குறுக்கே மாட்டியதும் வெந்நீர் வந்தது.

அந்த இணைப்பில் இன்றுவரை கசிவில்லை; ஆனால் உப்புக்காற்று ஹோஸை விட்டுவைக்கவில்லை. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்கப்பட்டதன் பின்னல் கம்பிகள், இரண்டரை ஆண்டில் நட்டின் ஓரத்தில் செம்பழுப்பாகி ஒவ்வொன்றாக அறுந்தன. அறுந்த கம்பி கையில் குத்திய பிறகே கவனித்து, இரண்டையும் மாற்றினேன். போர் தண்ணீரின் உப்பும் தன் பங்கைச் செய்தது: சூடேறும்போது உள்ளே டொக் டொக் என்று சத்தம் கேட்கவே திறந்து பார்த்தால், காயிலின் மேல் சுண்ணாம்புப் படிவு, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கத் தான் கரையும் மெக்னீசியக் கம்பியோ பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. படிவைச் சுரண்டி, கம்பியை மாற்றியதும் சத்தம் நின்றது.

15 லிட்டரைப் பச்சைத் தண்ணீருடன் கலந்தால் இருவருக்குத் தாராளமாகப் போதும். கிறிஸ்துமஸுக்கு மகன் குடும்பம் வரும் நாள்களில்தான், மூன்றாவதாகக் குளிப்பவர் துண்டும் தோளுமாக 20 நிமிடம் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.