டெல்டா கரைச் சாலைகளில் முள் தாங்கும் தடி டயர்: நாள்பட்ட அனுபவம்

கொங்கண் கரையோரம் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்த நண்பர் ஒருவர், அடுத்ததாகக் கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை ஓட்டத் திட்டம் போட்டிருக்கிறார். "அங்கே ஓட்டின டயரே இங்கேயும் தாங்குமா, இல்லை நீங்க போட்டிருக்கிற தடி டயர் வாங்கணுமா?" என்று கேட்டார். பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த அந்த 700-38 (38 மி.மீ. அகல) டயரை இரண்டு சக்கரத்திலும் போட்டு, பின்டயரின் நடுவரி தேய்ந்து மழுங்கும் வரை ஓட்டியாகிவிட்டது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் முள். டெல்டாவில் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை எல்லாம் சீமைக்கருவேலம்தான். கணுவுக்குக் கணு இரட்டை முள், காய்ந்துவிட்டால் ஆணி மாதிரி இறங்கும். இது ரோட்டுக்கு வருவதற்கும் ஒரு பருவம் உண்டு. மேட்டூர் அணையை வழக்கப்படி திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன்னால் சித்திரை, வைகாசியில் ஆறு வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். ஜேசிபி கரைச்சரிவில் நிற்கிற கருவேலத்தை வேரோடு பிடுங்கி, அள்ளிய மண்ணோடு கரைமேலேயே போட்டுவிடும். டிராக்டர்கள் அதன்மேல் ஏறி இறங்க, கிளை நொறுங்கிக் காற்றில் போய்விடும், முள் மட்டும் தாரில் தங்கும். அணைக்கரையிலிருந்து மணல்மேடு பக்கம் போகும் கொள்ளிடக் கரையில் அந்த இரண்டு மாதமும் சாதாரண டயரில் போவது வீண்வேலை. மற்ற மாதங்களில் முள் இப்படிப் பரவிக் கிடக்காது. வயலுக்குக் கிளை வெட்டி வேலி அடைத்த இடங்களிலும், வண்டிப்பாதை கரையில் ஏறும் இடங்களிலும் பார்த்துப் போனால் போதும்.

கடலோரத்தில் தொல்லை வேறு. பூம்புகார், தரங்கம்பாடி மணல் ஓரங்களில் நெருஞ்சி. ஆனால் அது குட்டை முள். இந்த டயரில் ஓடுதளத்துக்கு அடியில் இருக்கிற 5 மி.மீ. ரப்பர் பட்டையை அது தாண்டவே தாண்டாது. மாலையில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து நகத்தால் பிடுங்கிப் போட்டால் முடிந்தது. கருவேல முள்ளும் நேராகக் குத்தினால் பெரும்பாலும் பட்டையில் நின்றுவிடுகிறது. இந்த ஒரு வேலையில் டயரைக் குறை சொல்ல இடமே இல்லை.

மீறி ஆகிற பஞ்சர் பக்கச்சுவரில்தான் ஆகிறது. அங்கே பட்டை கிடையாது. எதிரே பஸ் வரும்போது தாரை விட்டு இறங்குவோமே, அந்த ஓரத்தில் படுத்துக் கிடக்கிற கிளை பக்கவாட்டில் ஏற்றிவிடும். பஸ்ஸின் சத்தம் கேட்டதும் முன்கூட்டியே நல்ல இடம் பார்த்து இறங்கி நின்றுவிடுவதுதான் வழி.

இன்னொரு சங்கடம், முள்ளின் நுனி முறிந்து பட்டைக்குள்ளேயே தங்குவது. வெளியே ஒன்றும் தெரியாது. சக்கரம் உருள உருள அது உள்ளே நகர்ந்து, காலையில் குத்தின முள் மறுநாள்தான் காற்றை இறக்கும். ட்யூபை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடி ஓட்டை விழும். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேரே வரும்படி எப்போதும் மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். விரலை விடாமல், ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் முழுக்க ஓட்டுங்கள். நுனி இருக்கிற இடத்தில் நூல் இழுக்கும். உள்ளேயிருந்து ஊக்கால் குத்தித் தள்ளி, வெளியே தலை காட்டியதும் இரும்புக்கடை முள்வாங்கியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட எந்தக் கருவியும் இதற்குப் பக்கத்தில் வராது.

இனி என் கோபம். இந்த டயரைக் கழற்றி மாட்டுவது ஒரு தண்டனை. ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருக்கிறது, ஒட்டுகிறவர்களும் கைதேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் கை பழகியது சாதாரண டயருக்கு. இதில் இரும்பு லிவரைப் போட்டு நெம்பினால் ரிம் ஓரம் வளையும், ட்யூப் கிள்ளும். நீங்களே செய்வதுதான் நல்லது. காற்றை முழுக்க இறக்கி, டயரின் இரண்டு ஓரத்தையும் சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ள வேண்டும். அப்படிக் கிடைக்கிற தளர்வை எல்லாம் வால்வுப் பக்கம் கொண்டுவந்து, மூன்று லிவர் போட்டுக் கழற்றலாம். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கிற இடத்தில் ஓரம் பள்ளத்துக்குள் இறங்காது, அதனால்தான் அதைக் கடைசிக்கு விடுகிறோம். அதற்கு முன் டயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகும். ட்யூப் பிரெஸ்டா வால்வா (நுனியில் திருகு உள்ள ஒல்லி வால்வு)? அப்படியானால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். அது இல்லாமல் இருசக்கர வாகனக் கடையின் கம்ப்ரசர் பயன்படாது, சைக்கிள் கடைப் பம்போ வால்டியூப் போட்ட பழைய வால்வுக்கானது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அதன் விறைப்பு. கொங்கணில் ஒவ்வொரு கழிமுகத்துக்கும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். இறக்கத்தில் பெடலில் எழுந்து நிற்கலாம், உடம்பு ஓயும். இங்கே ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்தின் தலைமாடு, கரை ஏறும் சரிவு, அவ்வளவுதான். ஏற்றத்துக்கென்று முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரம் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் போடுவதோடு சரி. மணிக்கணக்கில் சீட்டை விட்டு எழாமல் மிதிக்கிற நாட்டில், ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் முதுகுத்தண்டில் வந்து நிற்கிறது. திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரஹாரம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகும் காவிரிக்கரை ரோடு டெல்டாவிலேயே அருமையான ஓட்டம். அதில்கூட இந்த டயர் உள்ளங்கையை மரத்துப்போக வைத்தது. மூட்டையோடு காற்றழுத்தம் பின்னால் 65, முன்னால் 55 பி.எஸ்.ஐ. வைத்தேன். 50க்குக் குறைத்தும் பார்த்தாயிற்று. பட்டையின் கெட்டி அப்படியே இருக்க, சக்கரம் மந்தமானதுதான் மிச்சம். சாதாரண 38 டயர் அதே 50இல் மெத்தென்று போகும்.

பாதைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆடியில் வாருங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும், தூர்வாரின கழிவும் பெரும்பாலும் மிதிபட்டு மண்ணில் புதைந்திருக்கும், மேல்காற்று முதுகைத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் தார் போடாத கரையெல்லாம் களிமண். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தை நிறுத்திவிடும், இடைவெளி 10 மி.மீ.க்குக் குறைவானால் மட்கார்டைக் கழற்றத்தான் வேண்டும். தையில் அறுவடை. ரோட்டில் கிடக்கிற வைக்கோல் பின்கியரில் சுற்றிக்கொள்ளும். உடனே நிறுத்திப் பின்னோக்கி மிதித்து உருவுங்கள், முன்னால் மிதித்தால் கியர் தொங்கல் (பின்கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துண்டு) வளையும். நாகப்பட்டினம் தாண்டியதும் பிற்பகலில் கடல்காற்று கிளம்பும், வேதாரண்யத்தை மத்தியானத்துக்குள் பிடித்துவிடுங்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் நிழலை நம்ப முடியாது. அகஸ்தியம்பள்ளி உப்பளம் கடந்து கோடியக்கரை போய் வந்த அன்று இரவே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கும் சக்கரப் போக்கம்பி (ஸ்போக்) முனைகளுக்கும் எண்ணெய் விடவும். இல்லாவிட்டால் கம்பி முனை பூத்துப்போய், பிறகு சக்கரக் கோட்டம் எடுக்கத் திருகும்போது முறியும்.

டயர் வாக்குக் கொடுத்ததைச் செய்தது. கொடுத்த விலைக்கு உழைத்தது. ஆனாலும் நான் இதைக் கழற்றிவிட்டு மெல்லிய சுவருள்ள சாதாரண 38 போடப் போகிறேன். அரைமணி நேரம் ஒரு புளியமரத்தடியில் பஞ்சர் ஒட்டுவது, நாள் முழுக்க மரத்த கையோடு ஓட்டுவதைவிட எனக்கு மேல். நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். லீவு சித்திரை, வைகாசியில்தான் கிடைக்கும் என்றால் தடி டயரை வாங்கிப் பின்சக்கரத்தில் மட்டும் போடுங்கள், பளுவும் முள்ளும் அங்கேதான் அதிகம். ஆடியில் வர முடியுமென்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல சீட் வாங்குங்கள்.