கன்னியாகுமரி கண்ணாடிப் பாலமும் கரையோர நடையும்: பாலம் அருமை, ஊருக்குள்ள போற வழிதான் வேணும்

கண்ணாடிப் பாலம் எப்படி இருக்கு, புள்ளைகள கூட்டிட்டு வரலாமான்னு நெறைய பேரு கேக்குறாங்க, அதனால பாலத்தோட சேத்து படகுத்துறை, கரையோரம் நடக்குற பாதை, சுத்தி இருக்குற தெரு எல்லாத்தையும் எழுதிடுறேன்.

மொதல்ல பாலம். கொள்ளாம், அதாவது பரவால்லன்னு மட்டும் சொன்னா போதாது, உண்மையிலயே அருமை. 2024 டிசம்பர் 30-ல, வள்ளுவர் சிலைக்கு 25 வருசம் நெறையிற நேரத்துல முதலமைச்சர் ஸ்டாலின் தொறந்து வச்சாரு. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி செலவு. விவேகானந்தர் பாறையில எறங்குனா அப்படியே நடந்து வள்ளுவர் காலடிக்குப் போயிடலாம். இதோட அருமை எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு நல்லாவே தெரியும், ஏன்னா முன்னாடி வள்ளுவர் பாறைப் பக்கம் தண்ணி கொறைஞ்சாலோ காத்து கூடுனாலோ படகு அணைய முடியாது, சுத்தி பாறைக்கூட்டம், விவேகானந்தர் பாறைய மட்டும் பாத்துட்டு திரும்பணும், வெளியூர்ல இருந்து வந்த சொந்தக்காரங்கள கூட்டிட்டுப் போயி 133 அடி சிலைய தூர நின்னு காட்டிட்டு வந்த வீடு இங்க எத்தனையோ இருக்கு. கடல் ரொம்ப மோசமாகி படகே ஓடாத நாள் வேற விசயம், மத்தபடி அந்தக் கஷ்டம் தீந்துச்சு.

கண்ணாடி மேல கால் வச்சதும் பச்சைத்தண்ணி பாறையில மோதி நொரையா பொங்குறது பாதத்துக்கு நேர் கீழ தெரியுது. எனக்கு முன்னால போன ஒரு பாட்டி கண்ணாடிய மிதிக்காம ஓரத்துக் கம்பிய பிடிச்சே பைய பைய நடந்தாங்க, பாதி தூரத்துல பேரப்புள்ள கைய பிடிச்சு இழுக்க, ஒத்தக் கால மட்டும் கண்ணாடியில வச்சுப் பாத்துட்டு "எம்மோ"ன்னு ஒரு சத்தம், பெறவு ரெண்டு காலையும் வச்சு நின்னு சிரிச்சாங்க. அந்த சிரிப்புக்கே 37 கோடி தகும்னு எனக்குத் தோணுச்சு.

சரி, இப்போ கரைக்கு வாங்க. இங்கதான் மனசு கேக்கல.

திரும்பி வந்து படகுத்துறையில எறங்குறோம், கியூ ரோட்டோரமா நீண்டு கெடக்கு, அதத் தாண்டுனா சங்குக் கடை, பாசிக்கடை, தொப்பிக் கடை, வேன், ஆட்டோ. வடக்கால ஒட்டுனாப்புல இருக்குறது வாவத்துறை, மீன்பிடிக்கிற ஊரு. வந்த ஆளுகள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்படி ஒரு ஊரு இருக்குன்னே தெரியாது, ஏன்னா அந்தப் பக்கம் நடக்கச் சொல்லி ஒரு போர்டோ நெழலோ என் கண்ணுல படல. சந்துக்குள்ள போனா ஒரு குருசடி (சிலுவை வச்ச சின்னக் கோயில்), அதுக்குப் பக்கத்துல வலைய விரிச்சுப்போட்டு கால் பெருவெரல்ல மாட்டி இழுத்துப் பிடிச்சு கண்ணி கண்ணியா பாத்துத் தைக்கிற ஆளுங்க, அங்கிட்டு பாயில காயுற நெத்திலி. நின்னு கேட்டா அந்த வலை எந்த மீனுக்கு, எந்தக் காத்துக்கு கடல் எப்படி மாறும்னு பொறுமையா சொல்லித் தாறாங்க. 2004 சுனாமி அன்னைக்கு பாறையில மாட்டிக்கிட்ட டூரிஸ்ட்டுகள படகுல போயி கரை சேத்தது இந்தக் கரையோர மீனவங்கதான். அவங்க ஊரத் தள்ளி வச்சுட்டு கரையோரத்த அழகுபடுத்துறது எனக்கு சரியாப் படல.

மேற்கால நடந்தாலும் இதே கததான். காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம், சுனாமி நினைவுப் பூங்கான்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது, ஒண்ணப் பாத்துட்டு ரோட்டுக்கு வந்து மறுபடி அடுத்ததுக்குப் போகணும், நடு நடுவுல வண்டிக்கு ஒதுங்கணும். அலங்கார உபகார மாதா கோயில் கோபுரம் வெள்ளையா கண்ணுக்கு முன்னாடி தெரியுது, ஆனா தண்ணியோரமாவே நடந்து அங்க போயிடலாம்னு யாரும் சொல்றதில்ல, ஆட்டோ பிடிச்சுத்தான் போறாங்க. சூரியன் மறையுறத பாக்க பக்கத்துல இருக்குற எங்க மாவட்டத்துக் கோவளம் ரோட்டுல போறவங்களும் அப்படித்தான். சித்ரா பௌர்ணமிக்கு சூரியன் ஒரு பக்கம் எறங்க நெலா மறுபக்கம் ஏறுற ஊரு இது, கெழக்கு ஓரத்துல இருந்து மேற்கு ஓரம் வரைக்கும் வண்டி தொந்தரவு இல்லாம குடும்பத்தோட நடக்க ஒரே பாதை இருந்தா எப்படி இருக்கும்!

இன்னொண்ணு ரயில்வே ஸ்டேஷன். அஸ்ஸாம் திப்ருகர்ல இருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி வாற விவேக் எக்ஸ்பிரஸ் இங்கதான் வந்து நிக்குது, கடலுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா பெட்டியும் புள்ளையுமா அந்த கடைசி தூரத்த நடக்குறதுதான் பாடு. ஒரு நல்ல நடைபாதை, ரெண்டு பக்கமும் புங்கமரம், வழியில ஊர்க்காரங்க சுக்குக்காப்பி, மட்டி வாழைப்பழம் விக்கிற எடம், இவ்வளவு போதும், கோடிக்கணக்குல வேண்டாம்.

புதுச்சேரி பீச் ரோட்ட பாருங்க, சாயங்காலம் 6 மணியில இருந்து காலையில 7.30 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, தெருவெல்லாம் நேரா கடல்ல போயி முட்டுது, வீட்டுல இருந்து செருப்ப மாட்டிட்டு எறங்குனா கடலு. அதனால அங்க டூரிஸ்ட்டும் ஊர்க்காரனும் ஒரே திண்டுல உக்காந்துருக்கான். எங்க ஊருல தெரு கடலப் பாத்து போறதுக்குள்ள லாட்ஜும் கடையும் மறைச்சிடுது. கடைக்காரங்கள நான் குத்தம் சொல்லல, சீசன்ல ஐயப்ப பக்தருங்க வாற ரெண்டு மாசம்தான் அவங்களுக்கு வருசத்துக்கும் சோறு. அவங்கள தொரத்தாம, கடைகள வரிசைப்படுத்தி நடுவுல கடல் தெரியிற மாதிரி எடைவெளி விட்டாலே அவங்களுக்கும் யாவாரம் கூடும், ஆளு நின்னு நடந்தாத்தானே வாங்குவான், வேன்ல ஏறிப் போறவன் என்னத்த வாங்குவான்.

மார்க் போடணும்னா பாலத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. கரையில நடக்குறதுக்கு ரெண்டு. ஊருக்குள்ள போயி பாக்குற வழிக்கு ஒண்ணு, அதுவும் ஊர்க்காரங்க நல்ல மனசுக்கு.

வாறவங்களுக்கு: ஞாயித்துக்கிழமையும் டிசம்பர் லீவும் வேண்டாம், வேலை நாள்ல காலையில சூரியன் உதிக்கிறத பாத்த கையோட படகு கியூவுக்குப் போயிடுங்க, வெயில் ஏறுனா பாறையில செருப்பில்லாம நிக்க முடியாது. திரும்பி எறங்குனதும் வேன்ல ஏறாம வாவத்துறைப் பக்கம் ஒரு அரை மணி நேரம் நடங்க, போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எடுங்க. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும் ஊருக்குள்ள சின்னக் கடையில சாப்பிடுங்க, பீச் ரோட்டுல பெரிய போர்டு வச்ச கடை வேண்டாம்.