வீட்டிலிருந்து வேலை: கடலூரா, புதுச்சேரியா?

நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் லேப்டாப்போடு உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். புதுச்சேரியில் ஒரு காபியை வைத்துக்கொண்டு அரைநாள் ஓட்ட இடம் கிடைக்கும். பிரெஞ்சுத் தெருக்கள் பக்கம் வாடகை கேட்டால்தான் தலை சுற்றும், சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் வேறு, அதனால் லாஸ்பேட்டை பக்கம் பாருங்கள். கடலூரில் அந்த மாதிரிக் கடைகள் குறைவு. மஞ்சக்குப்பத்தில் வீடு எடுத்தால் அந்த வீடுதான் ஆபீஸ், சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை. (சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் மட்டும் வேண்டாம், ரசாயன வாடை.) புயல் இரண்டுக்கும் பொது: 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. சரி, இன்வெர்ட்டர் எங்கே போனாலும் வேண்டும். நானாக இருந்தால் கடலூரில் குடியிருந்துகொண்டு, நாலு முகம் பார்க்கத் தோன்றும் நாளில் பஸ் ஏறிப் புதுச்சேரி போவேன்.