தம்பி வீட்டுக் கடனும் என் திருச்சி லீவும்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார லீவில் திருச்சி போயிருந்தேன். ஊரில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கலாம், அதற்குக் கடன் விண்ணப்பம் போட்டுவிட்டு வரலாம் என்று நினைப்பு. இரண்டாம் நாளே வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண், போதாதாம். வாழ்க்கையில் ஒரு தவணையும் தவறவிடாத எனக்கா?

மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். 2019-ல் தம்பி வீடு கட்ட வாங்கிய கடன். அவன் மினி லாரி ஓட்டுகிறவன், சம்பளச் சீட்டு கிடையாது. என் வருமானத்தைக் காட்டி, என்னையும் கடன்தாரராகச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மாதா மாதம் வரிசையாகக் கட்டங்கள். 000 இருக்க வேண்டிய இடத்தில் 020, 021, 020. அத்தனை நாள் பாக்கி என்று அர்த்தமாம்.

ராத்திரி தம்பியிடம் கேட்டேன். "ஒரு மாசம்கூட கட்டாம விட்டதில்லண்ணே" என்றான். அதுவும் உண்மைதான். தவணை 10-ஆம் தேதி. இவனுக்கு லாரி வாடகை கைக்கு வருவது அடுத்த மாதம் 2, 3 தேதிவாக்கில். வந்ததும் கட்டிவிடுவான், கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்கான பவுன்ஸ் சார்ஜோடு. ஆனால் மாதக் கடைசியில் கணக்கெடுக்கும்போது பாக்கி நிற்கிறதே. அவன் பார்வையில் தாமதம், சிபில் பார்வையில் எனக்குக் கரும்புள்ளி.

சரி, எனக்கு ஏன் ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை? வங்கியில் கொடுத்திருந்தது என் பழைய இந்திய நம்பர். அந்த சிம் அம்மாவின் பீரோவில், ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துப்போய்க் கிடந்தது.

கடன் கொடுத்த கிளைக்குப் போய், "என் பேரை எடுத்துவிடுங்கள்" என்றேன். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததற்கு இரண்டே நிமிடத்தில் பதில்: முடியாது. தம்பியின் வருமானம் மட்டும் போதும் என்று வங்கி ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேறு வங்கி கடனை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை முழுத் தொகைக்கும் நானும் பொறுப்பு, பாதிக்கு அல்ல. 90 நாள் பாக்கி விழுந்தால் வாராக்கடன். அப்புறம் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு வீட்டைக் கையகப்படுத்தலாம். பத்திரம் தம்பி பேரில் மட்டும். வீட்டில் எனக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை, கடன் மட்டும் முழுசாகச் சொந்தம். கையெழுத்துப் போட்ட அன்று இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம்பர் மாற்றவே இரண்டு காலைப்பொழுது போயிற்று. முதல் நாள் பாஸ்போர்ட் நகல் போதும் என்றார்கள், மறுநாள் சிங்கப்பூர் வேலை பாஸ் நகலும் வேண்டும் என்றார்கள். இதற்கு நேர்மாறாக, தம்பி வீட்டு வில்லங்கச் சான்றிதழ் வீட்டில் உட்கார்ந்தபடியே பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்துவிட்டது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த எம்.ஓ.டி. பதிவு அதில் தெளிவாக இருந்தது. சிபில் அறிக்கையும் வருடத்துக்கு ஒரு முறை இலவசம். ஆறு வருடமாக அதை எடுத்துப் பார்க்காதது என் சோம்பேறித்தனம்.

நல்லவேளை, தம்பி மனைவிக்குப் போன வருடம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. அவர் சம்பளத்தை வைத்து வேறொரு வங்கி கடனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. வட்டி ஏறி இறங்கும் மிதக்கும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. தம்பிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. "நம்பிக்கை இல்லையாண்ணே?" என்றான். நான் அந்தக் கட்டங்களை போனில் காட்டினேன். அப்புறம் எதுவும் பேசவில்லை.

பழைய கடன் அடைந்து 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் கிளம்பும்வரை கடன் அடையவில்லை. தவணை எஸ்எம்எஸ் இப்போது சிங்கப்பூர் நம்பருக்கே வருகிறது. இந்த மாதம் 10-ஆம் தேதிக்கு முந்தின நாளே பணத்தை நானே போட்டுவிட்டேன். லாரி வாடகை வந்ததும் தம்பி எனக்கு அனுப்புவதாகப் பேச்சு.