மெட்டாக்ரிட்டிக் இசைப் பிரிவு: ஓர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

புதிய ஆல்பம் ஒன்று வெளியானதும் விமர்சகர்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் மெட்டாக்ரிட்டிக் இணையதளம்தான். 2001இல் மார்க் டாயில், ஜூலி டாயில் ராபர்ட்ஸ், ஜேசன் டயட்ஸ் ஆகிய மூவர் தொடங்கிய இத்தளம் 2005இல் சிநெட் நிறுவனத்திடம் சென்றது. பிறகு சில கைகள் மாறி, 2022இல் ஃபேண்டம் நிறுவனத்தின் உடைமையானது. திரைப்படம், வீடியோ கேம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றுக்கும் அங்கே பிரிவுகள் உண்டு என்றாலும், நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது இசைப் பிரிவை மட்டுமே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விமர்சனங்களைத் தேடிக் கண்டடைவதற்கான அட்டவணையாக இது சிறந்த சேவை, ஆனால் விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சராசரியாக்கி, பக்கத்தின் மேலே வண்ணக் கட்டத்துக்குள் கம்பீரமாக நிறுத்தியிருக்கும் அந்த எண், பார்வைக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிகிறதோ அவ்வளவு உறுதியானதல்ல.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். விமர்சகர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு எழுதுவதில்லை. ரோலிங் ஸ்டோன் இதழ் 1981இலிருந்து நெடுங்காலம் ஐந்து நட்சத்திர முறையைப் பின்பற்றியது, பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழ் 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மதிப்பெண் தருகிறது. 1969இல் வில்லேஜ் வாய்ஸ் இதழில் நுகர்வோர் வழிகாட்டி என்ற பத்தியைத் தொடங்கிய ராபர்ட் கிறிஸ்ட்காவ், பள்ளித் தேர்வுத் தாளைப் போல ஏ, பி, சி என்று எழுத்துகளால் தரம் பிரித்தார். மதிப்பெண்ணே இடாமல் எழுதுகிற நாளிதழ்களும் உண்டு. மெட்டாக்ரிட்டிக் இவை அனைத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிக்கொள்கிறது. நட்சத்திரத்தையும் தசம எண்ணையும் மாற்றுவது வெறும் பெருக்கல் கணக்கு. எழுத்துத் தரத்துக்குத் தளமே ஓர் அட்டவணை வகுத்திருக்கிறது: ஏ என்றால் 100, பி என்றால் 75, பி மைனஸ் என்றால் 67, சி என்றால் 50. மதிப்பெண் இல்லாத விமர்சனத்தைத் தளத்தின் ஊழியர்களே படித்துப் பார்த்து, அதன் தொனிக்கு ஏற்ப ஓர் எண்ணை இடுகிறார்கள். அதாவது, விமர்சகர் வேண்டுமென்றே தவிர்த்த ஒன்றை அவர் பெயரில் வேறொருவர் எழுதிச் சேர்க்கிறார்.

இந்த மாற்றத்தில் ஏற்படும் கோணலை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். இசைப் பிரிவில் 61 அல்லது அதற்கு மேல் பெற்றால் பச்சை நிறம், 40 முதல் 60 வரை மஞ்சள். ஒரு விமர்சகர் ஓர் ஆல்பத்துக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 60 ஆகி, மஞ்சளில் சேர்ந்து, கலவையான கருத்து என்று பதிவாகிறது. இன்னொருவர் அதே ஆல்பத்தை அதே அளவுக்கு அரைமனத்தோடு கேட்டுவிட்டு பி மைனஸ் இடுகிறார். அது 67 ஆகி, பச்சையில் சேர்ந்து, சாதகமான கருத்து ஆகிவிடுகிறது. இருவருடைய மனநிலையிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது மாற்று அட்டவணையில் மட்டும். வீடியோ கேம் பிரிவின் எல்லைகள் வேறு: அங்கே 75ஐத் தொட்டால்தான் பச்சை கிடைக்கும். எழுபது பெற்ற ஆல்பம் நன்று என்றும், எழுபது பெற்ற விளையாட்டு சுமார் என்றும் ஒரே தளம் கூறுவதை, பிரிவு விட்டுப் பிரிவு போகும் வாசகர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்பது ஐயமே.

இதற்கும் மேலே எடைமானம் என்று ஒன்று இருக்கிறது. எல்லா இதழ்களின் மதிப்பெண்களையும் தளம் சமமாகக் கருதுவதில்லை. சிலவற்றுக்குக் கூடுதல் எடை தருவதாக அதுவே ஒப்புக்கொள்கிறது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் வெளியிடுவதில்லை. எனவே பட்டியலில் உள்ள மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துப் பார்க்கும் வாசகருக்கு வேறொரு விடை வந்தால் அவரால் எதையும் சரிபார்க்க இயலாது. நான்கு விமர்சனங்கள் சேர்ந்துவிட்டாலே மதிப்பெண் வெளியாகிவிடும் என்பது இன்னொரு குறை. நான்கு பேரின் சராசரியும் முப்பது பேரின் சராசரியும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில் நிற்கின்றன. எத்தனை விமர்சனங்கள் என்ற தகவல் அருகிலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. கண் அங்கே போவதில்லை, அவ்வளவுதான்.

சராசரி மறைத்துவிடும் மிக முக்கியமான செய்தி கருத்து வேறுபாடு. ரேடியோஹெட் குழுவின் கிட் ஏ 2000இல் வெளியானபோது பிட்ச்ஃபோர்க் அதற்கு முழுமையாக 10.0 கொடுத்தது, பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழோ ஐந்தில் ஒன்றரை நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டது. கிதார்களை நம்பி வந்த ஒரு ராக் குழு அவற்றை ஒதுக்கிவிட்டு மின்னணு ஒலிகளுக்குள் போனதைத் துணிவு என்று ஒரு தரப்பும் வீண் பகட்டு என்று மறுதரப்பும் கண்டன. அந்த ஆல்பத்தைக் கேட்கப் போகிறவருக்குப் பயன்படுவது இந்த மோதல்தான். பத்தையும் ஒன்றரையையும் கலந்து ஒரு நடுத்தர எண்ணாக்கினால், யாருமே சொல்லாத ஒரு கருத்துதான் நமக்குக் கிடைக்கும். நியாயமாகச் சொன்னால், சாதகம், கலவை, பாதகம் என மூன்று வகையிலும் எத்தனை விமர்சனங்கள் என்பதைக் காட்டும் பட்டைகளைத் தளம் மதிப்பெண்ணோடு வைத்திருக்கிறது. அவை மதிப்பெண்ணைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டியவை.

எண்களின் வீச்சும் நினைப்பதைவிடக் குறுகியது. 2006இல் கெவின் ஃபெடர்லைன் வெளியிட்ட ஆல்பத்தின் 15 ஓர் எல்லை, 2020இல் ஃபியோனா ஆப்பிளின் ஆல்பம் பெற்ற 98 மறு எல்லை. ஆனால் நாள்தோறும் வந்து சேரும் ஆல்பங்களில் மிகப் பெரும்பாலானவை அறுபதுகளுக்கும் எண்பதுகளுக்கும் இடையிலேயே நெருங்கி நிற்கின்றன. விமர்சகர்கள் தாராள மனத்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெளியாகும் ஆல்பங்கள் ஏராளம், எழுதுவதற்கான இடம் குறைவு. ஆகவே எழுதத் தகுந்தவை என்று தோன்றுபவற்றையே ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கிறிஸ்ட்காவ் 1990இல் தம் பத்தியை மாற்றியமைத்து, தமக்குப் பிடித்த ஆல்பங்களுக்கே பெரும்பாலும் விரிவான இடம் ஒதுக்கத் தொடங்கினார். வடிகட்டல் மதிப்பெண்ணுக்கு முன்பே முடிந்துவிடுவதால், 74க்கும் 78க்கும் இடையே உள்ள வேறுபாட்டை வைத்து ஓர் ஆல்பத்தைவிட இன்னொன்று மேலானது என்று வாதிடுவது பொருளற்றது. ஆயினும் ரசிகர்கள் அதை வைத்தே வாதிடுகிறார்கள்.

காலம் பற்றிய சிக்கல் இவை எல்லாவற்றையும்விட ஆழமானது என்பது என் எண்ணம். ஆல்பம் ஒன்றுக்கான விமர்சனங்களில் பெரும்பங்கு வெளியீட்டு வாரத்தில் எழுதப்படுகிறது. முன்பாவது இசை நிறுவனங்கள் சில வாரங்களுக்கு முன்னரே பிரதிகளை அனுப்பிவைத்தன; 2013 டிசம்பரில் பியான்சே எந்த அறிவிப்பும் இன்றித் தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டபோது விமர்சகர்களும் ரசிகர்களோடு ஒரே நேரத்தில்தான் அதைக் கேட்கத் தொடங்கினார்கள். அவசரத்தில் எழுதிய தீர்ப்பு அப்படியே நிலைத்து நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. நிர்வானாவின் நெவர்மைண்ட் ஆல்பத்துக்கு 1991இல் மூன்று நட்சத்திரம் கொடுத்த ரோலிங் ஸ்டோன், 2020இல் வெளியிட்ட ஐந்நூறு சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அதற்கு ஆறாம் இடம் தந்தது. பிட்ச்ஃபோர்க் 2021இல் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியபோது டாஃப்ட் பங்க் இரட்டையரின் டிஸ்கவரி 6.4லிருந்து 10க்கு ஏறியது, 2003இல் 0.0 என்று அவமதிக்கப்பட்ட லிஸ் ஃபேரின் ஆல்பம் 6.0 ஆனது. இத்தகைய மனமாற்றங்கள் விமர்சனத்தின் பலவீனம் அல்ல. ஓர் ஆல்பம் மனத்தில் ஊறுவதற்குக் காலம் பிடிக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. மெட்டாக்ரிட்டிக் பக்கமோ முதல் வாரத்தின் மனநிலையை ஆல்பத்தின் நிலையான தரம் போலக் காட்டுகிறது.

கணக்கில் சேர்க்கப்படும் இதழ்கள் ஏறத்தாழ முழுவதும் ஆங்கில இதழ்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ரோசாலியா, பேட் பன்னி போன்றவர்களின் ஸ்பானிஷ் ஆல்பங்கள் அங்கே இடம்பெறுவது ஆங்கில விமர்சகர்கள் அவற்றைக் கவனித்ததால்தான். அவர்கள் கவனிக்காத மொழிகளில் வரும் இசை, எவ்வளவு பேர் கேட்டாலும், இந்தத் தளத்தில் இருப்பதில்லை.

இவ்வளவு குறை சொன்ன பின்பும் தளத்தை நான் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குக் காரணம் மதிப்பெண்ணுக்குக் கீழே வரும் பட்டியல். ஒவ்வொரு விமர்சனத்திலிருந்தும் ஓரிரு வரிகளை எடுத்துக் காட்டி, முழுக் கட்டுரைக்கு இணைப்பும் தருகிறார்கள். மிக உயர்ந்த மதிப்பெண் இட்டவரையும் மிகத் தாழ்ந்த மதிப்பெண் இட்டவரையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டால், ஆல்பத்தில் என்ன நடக்கிறது என்பது தெளிவாகிவிடும். இருவரும் ஒரே பாடலைச் சுட்டிக்காட்டி, ஒருவர் அதைச் சிகரம் என்றும் மற்றவர் சறுக்கல் என்றும் எழுதியிருந்தால், அந்தப் பாடலிலிருந்தே கேட்கத் தொடங்கலாம். பழைய பக்கங்களில் மட்டும் இந்த இன்பம் குறைகிறது. ஸ்டைலஸ் 2007இல் நின்றுபோனது, பிளெண்டரின் அச்சு இதழ் 2009இல் முடிந்தது, க்யூ 2020இல் மூடப்பட்டது. இத்தகைய இதழ்களின் கட்டுரைகளைத் தேடிப் போகிறவருக்கு மெட்டாக்ரிட்டிக் எடுத்துவைத்த அந்த ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

வாசகர் மதிப்பெண் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நட்சத்திரப் பாடகர்களின் ரசிகர் கூட்டங்கள் பத்துகளையும் சுழியங்களையும் எறிந்து விளையாடும் களம் அது. கேட்பவர்களின் கருத்துதான் வேண்டும் என்றால் 2000இலிருந்து இயங்கிவரும் ரேட் யுவர் மியூசிக் தளம் எவ்வளவோ மேல். பல ஆண்டுகள் பழைய ஆல்பங்களையும் அங்கே பொறுமையாக எழுதி மதிப்பிடுகிறார்கள்.

மெட்டாக்ரிட்டிக் இசைப் பிரிவில் மிகவும் பயனுள்ள பகுதி எது என்று கேட்டால், ஆண்டு முடிவில் அவர்கள் தொகுக்கும் விமர்சகர் பட்டியல்களையே காட்டுவேன். பல இதழ்களின் ஆண்டுச் சிறந்த ஆல்பப் பட்டியல்களைத் திரட்டி, முதலிடத்துக்குக் கூடுதல் புள்ளி தந்து கூட்டுகிறார்கள். வில்லேஜ் வாய்ஸ் இதழ் பல பத்தாண்டுகள் நடத்திய பாஸ் அண்ட் ஜாப் வாக்கெடுப்பில் ஒவ்வொரு விமர்சகரும் 100 புள்ளிகளைப் பத்து ஆல்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்; ஒன்றுக்கு 30க்கு மேலும் கூடாது, 5க்குக் கீழும் கூடாது. அதன் நுட்பம் மெட்டாக்ரிட்டிக்கின் கூட்டலில் இல்லை என்றாலும், நட்சத்திரத்தை எண்ணாக மாற்றும் வேலையும் மறைவான எடைமானமும் இங்கே தேவைப்படுவதில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்த ஆல்பங்களை விமர்சகர்கள் பலமுறை கேட்டு, சிலவற்றை மறந்து, சிலவற்றுக்குத் திரும்பி வந்த பிறகே இந்தத் தேர்வைச் செய்கிறார்கள். மார்ச்சில் 72 பெற்ற ஓர் ஆல்பம் டிசம்பரில் பல பட்டியல்களில் மேலே நிற்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, இரண்டு தகவல்களையும் ஒரே தளம் வைத்திருப்பது பெரும் வசதி.